விடைக்கு முந்திய எண்கள்

ஸ்கிராட்ச் நிரலில் ஒரு மாறியின் பெயருக்கு அருகிலுள்ள சிறு கட்டத்தைச் சொடுக்கினால், நிரல் ஓடும்போதே அதன் மதிப்பு திரையில் மாறிக்கொண்டிருப்பதை நம் பிள்ளைகள் காண்பார்கள். இந்தச் சிறு வசதிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் குழுவினர் உருவாக்கிய எட்சாக் கணினி 1949 மே 6இல் முதன்முதலாக இயங்கியது. அவ்வாண்டே வில்க்ஸ் எழுதிய ஒரு நிரலில் 126 வரிகள் இருந்தன. பிழைகளோ ஏறத்தாழ 20! தொடக்கத்தில், நிரல் எழுதியவர் இயந்திரத்தின் முன் நின்று கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, நினைவகத்தின் நிலையைக் காட்டும் திரைப் புள்ளிகளை உற்றுநோக்குவார். ஒருவர் தேடும்வரை மற்றவர்களுக்கு இயந்திரம் கிடைக்காது. ஆகவே, நின்றுபோன நிரலின் நினைவக எண்களைத் தாளில் அச்சிட்டு, மேசையில் அமர்ந்து ஆராயும் முறை வந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சவப் பரிசோதனை'.

ஆனால், இறந்த இடம் தெரிந்தால் வந்த வழி தெரிந்துவிடுமா? ஸ்டான்லி கில் 1951இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை கூறியது. ஒரு துணை நிரல், பிழையுள்ள நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறைவேற்றி, நடந்ததை அச்சிட்டுக்கொண்டே செல்லும். வேகம் வெகுவாகக் குறையும். எனினும் தடம் கிடைக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது புதிதன்று. என் தந்தையார் அன்றாடம் நிறுத்த பாலின் எடையைத் தாமும் ஒரு சிறு புத்தகத்தில் குறித்து வைப்பார். சம்பளம் குறைந்தால், கிராணியாரின் கணக்கும் தம் கணக்கும் எந்த நாளில் வேறுபட்டன என்று விரல் வைத்துக் காட்டுவார். மாதக் கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி வாதாட இயலுமா?

பின்னர் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் அமைந்தது. பம்பாயில் டாட்டா ஆய்வுக்கழகம் 1960இல் இயக்கிய டிஃப்ராக் கணினியின் நினைவகமும் அவ்வகையே. 'கோர்' எனப்பட்ட அவ்வளையங்கள் மறைந்த பின்னும், நினைவகத்தைக் கோப்பில் கொட்டுவதற்குக் 'கோர் டம்ப்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1969இல் ராபர்ட் பால்சர் நிரலின் ஓட்டத்தை நாடாவில் பதிந்து முன்னும் பின்னும் பார்க்கும் முறையை விவரித்தார். 2003இல் பில் லூயிஸ், மதிப்பு மாறும் ஒவ்வொரு கணத்தையும் சேமித்துக் காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கருவியை முன்வைத்தார். இவ்வாறு அனைத்தையும் சேமித்தால் இடம் மளமளவெனத் தீர்ந்துவிடும் என்பதால், எதைக் குறிப்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலை இன்றும் மனிதருடையதே.

பெற்றோர்களே, பிள்ளைகளின் பயிற்சி நூலில் இடைக்கணக்கை அழிப்பானால் துடைக்கச் சொல்லாதீர்கள். 1 முதல் 10 வரை கூட்டும் நிரலை எழுதும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணையும் தொகையையும் அட்டவணையில் குறிக்கும்படி நான் கூறுவதுண்டு. 55 வரவேண்டிய இடத்தில் 45 வந்தால், கடைசி வரியில் 9 நிற்பதைக் கண்ட பிள்ளை என்னிடம் கேட்காமலேயே கணினிக்குத் திரும்பிவிடும்.