ஆலைச் சங்கு முதல் திரைப்பாட்டு வரை

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா ஆலையில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச்சூட்டுக்கு 12 தொழிலாளர்கள் பலியானதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஆலையின் ஊரிலேயே பள்ளி ஆசிரியராக இருந்த கவிஞர் பாரதிதாசன், 1942-இல் ‘இசையமுது’ பாடல் தொகுப்பை வெளியிட்டார். வண்டிக்காரன், பாவோடும் பெண்கள், உழவன், பூக்காரி என்று உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. ஆலைத் தொழிலாளி பாட்டில் சுரண்டலைப் பற்றிய பிரசங்கம் கிடையாது. மாலை ஐந்து மணி கடந்தும் கணவன் வீடு திரும்பாததால், மனைவி ஆலைச் சங்கையே அழைத்துப் பேசுகிறாள். வேலைநேரப் போராட்டம் முழுவதும் அந்தக் காத்திருப்புக்குள் வந்துவிடுகிறது. திரைப்பாட்டு எழுத வருமுன் புதுச்சேரியில் பாரதிதாசனிடம் தங்கிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பெற்றுச் சென்றது பாத்திரத்தையே பேசவிடும் இந்த முறையைத்தான் என்பது என் கணிப்பு.

பொதுவுடைமைக் கட்சிதானே கல்யாணசுந்தரத்தை உருவாக்கியது என்று கேட்கலாம். கருத்தைப் பொறுத்தவரை அது சரி. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்து தஞ்சை விவசாயிகள் இயக்கத்தில் நின்றவருக்கு வறுமையின் காரணத்தைப் புதுச்சேரி வந்து யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் மேடைக்கு முழக்கம் போதும். சினிமாவில் பாட்டு ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தாக வேண்டும். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தின் வயல் பாட்டில், விளைச்சல் பெருகியும் உழைத்தவனுக்கு என்ன மிச்சம் என்று பெண் கேட்கிறாள். வரப்போகும் காலத்தைச் சொல்லி ஆண் பதில் தருகிறான். ‘இரும்புத்திரை’யில் வாங்கிய கூலி போன இடம் தெரியாமல் ஒருவன் புலம்புகிறான். இரண்டிலும் கவிஞர் குறுக்கே வந்து பேசுவதில்லை. இதுதான் ‘இசையமுது’ காட்டிய வழி.

கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளால் புகழ் பெற்றவர் நடிகர் எம்.ஜி.ஆர். தானே என்பது வலுவான மறுப்பு. அதற்குக் காரணம் உண்டு. சோவியத் கவிஞர் இசகோவ்ஸ்கி 1938-இல் ‘கத்யூஷா’ பாட்டு எழுதிய நாட்டில் பாட்டைப் பரப்ப அரசே வானொலியையும் பாடற்குழுக்களையும் வைத்திருந்தது. கல்யாணசுந்தரத்துக்கோ தயாரிப்பாளரும் கதாநாயகனும்தான் வழி. அந்த நெருக்கடியில் அவர் தன் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. நடிகரின் முகத்தோடு மக்களிடம் போனாலும், 1959 அக்டோபர் 8-இல் 29 வயதில் மறைந்த அவரைத்தான் தமிழகம் இன்றும் மக்கள் கவிஞர் என்று அழைக்கிறது. நடிகரின் புகழ் அவர் பெயரை விழுங்கிவிடவில்லை.

பாரதிதாசனின் இன்னொரு மாணவர், மே தினத்தைப் பாடிய தமிழ்ஒளி, அடுத்த வாரம்.