கைமாறிய பின்னும் தொடரும் பொறுப்பு

விற்ற பொருளாலோ முடித்துக் கொடுத்த வேலையாலோ பின்னாளில் ஒருவருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால், தயாரிப்பாளரோ ஒப்பந்ததாரரோ தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் காப்பீடு, நீதிமன்றத் தீர்ப்புகளின் பின்னால் வளர்ந்த ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் அதற்கு அவ்வளவு தேவை இருக்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு தபால் வண்டி உடைந்து அதன் ஓட்டுநர் ஊனமானார். வண்டியைப் பராமரிப்பவரின் ஒப்பந்தம் தபால் துறைத் தலைவருடன்தான், ஓட்டுநருடன் அல்ல என்று அவருடைய வழக்கு 1842இல் தள்ளுபடியானது. அடிபட்டவரை நிர்க்கதியாக விட்ட அந்த விதி, விஷ மருந்து போன்ற சில விலக்குகளோடு, அமெரிக்காவிலும் நெடுங்காலம் நின்றது.

அதை உடைத்தது 1916ஆம் ஆண்டின் பியூக் வழக்கு. ஓடிக்கொண்டிருந்த காரின் சக்கரத்தில் மர ஆரக்கால்கள் நொறுங்கின; உரிமையாளர் தூக்கி வீசப்பட்டார். சக்கரம் வேறொரு நிறுவனம் செய்தது. காரை விற்றவர் முகவர். ஆனாலும் முறையாகச் சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்பதால் பியூக் நிறுவனமே பொறுப்பு என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கார்டோசோ தீர்ப்பு எழுதினார். முகம் தெரியாதவருக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை தொழிற்சாலைகளுக்கு வந்தது.

1940களின் தொடக்கத்தில் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள், அதுவரை தனித்தனியே விற்ற பொறுப்புக் காப்பீடுகளை ஒரே பொதுப் பாலிசிக்குள் கொண்டுவந்தன. பொருள்களும் முடிந்த வேலைகளும் அதில் ஒரு பிரிவு. பிளம்பர் வேலையை ஒப்படைத்துப் போன பிறகு குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தரையும் மரச்சாமான்களும் பாழானால், அந்தச் சேதத்துக்கு இப்பிரிவு பணம் தரும். இணைப்பை மறுபடி போடும் செலவைத் தராது. இந்த வரம்பு நியாயமானது. இல்லாவிட்டால் அரைகுறை வேலைக்குக் காப்பீட்டுப் பணமே கூலியாகிவிடும்.

1944இல் கலிஃபோர்னியாவில், கோகோ கோலா பாட்டில் வெடித்து உணவகப் பணிப்பெண்ணின் கை கிழிந்த வழக்கில், நீதிபதி டிரெய்னர் தனிக் கருத்து எழுதினார்: தயாரிப்பாளர் இத்தகைய ஆபத்துக்குக் காப்பீடு செய்து, செலவை விலையில் பரப்பிவிட முடியும், பாதிக்கப்பட்டவரால் அது முடியாது. 1963இல் அதே நீதிபதி எழுதிய தீர்ப்பில், கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு பெறும் விதி கலிஃபோர்னியாவில் சட்டமாயிற்று.

1966இல் பாலிசியின் அடிப்படை திருத்தப்பட்டு, திடீர் விபத்தோடு மெல்ல மெல்ல நேரும் பாதிப்பும் உள்ளே வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். 1973இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கியபின், என்றோ எழுதிய பாலிசிகள் மீது கோரிக்கைகள் குவிந்தன. 1986இல், பாலிசிக் காலத்தில் எழுப்பப்படும் கோரிக்கைகளுக்கு மட்டும் பொருந்தும் மாற்றுப் படிவமும் அறிமுகமானது. பழைய சுமையோ லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையையே உலுக்கியது. அதைத் தனியே ஏற்க 1996இல் ஈக்விட்டாஸ் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது.