பறங்கியல்லாத பாதிரியார்

1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை வந்தடைந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, அங்கே வியப்பான நிலையொன்றைக் கண்டார். கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் பல்லாண்டுகளாகப் பரதவக் கிறிஸ்தவர்களுக்கு நல்ல மேய்ப்பராகப் பணியாற்றியும், மதுரை மக்கள் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. தடையாய் நின்றது ஒரு சொல்: பறங்கி. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், இழிந்தவர் என்னும் பொருளெல்லாம் அச்சொல்லில் அடங்கியிருந்தன.

நோபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தார், நெற்றியில் சந்தனமும் காலில் பாதக்குறடும் அணிந்தார், புலால் நீக்கினார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். 'தத்துவ போதகர்' எனப் பெயர் பூண்டார். பூணூலும் தரித்தார். தாம் பறங்கியல்லர், உரோமையிலிருந்து வந்த அரச குலத்தவர் என ஓலையில் எழுதி அறிவித்தார்.

இது பொய்யா? அவர் போர்த்துக்கீசியர் அல்லர். இத்தாலிய உயர்குடியில் 1577இல் பிறந்தவர். ஆகவே சொல்லளவில் அது உண்மையே. ஆனால் கேட்டவர்கள் சாதியைக் கேட்டார்கள். அவர் சாதியையே விடையாகத் தந்தார். அவ்விடை நிலைபெற வேண்டுமாயின், தம் சபைச் சகோதரரான பெர்னாண்டஸை விட்டு விலகி வாழ வேண்டியிருந்தது. இல்லம் வேறு, ஆலயம் வேறு, ஆடுகளும் வேறாயின.

பெர்னாண்டஸ் 1610இல் மேலிடத்திற்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் ஆய்வு நடந்தது. இறுதியாக 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, பூணூலையும் குடுமியையும் சில நிபந்தனைகளுடன் அனுமதித்தார். அதே ஆணையில், உயர்குலத்தோர் எளியோரை இகழலாகாது, ஆலயத்தில் அவர்களைப் பிரிந்து நிற்கலாகாது என்றும் உருக்கமாக வேண்டினார். அனுமதியை நாம் ஏற்றுக்கொண்டோம், வேண்டுகோளை மறந்தோம். தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணியாற்ற 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்னும் தனி வகைக் குருக்கள் தோன்றினர்.

நோபிலியின் தவமும் தமிழ்த் தொண்டும் மெய்யானவை. 1656இல் மயிலையில் அவர் இறந்தபோது பார்வை ஏறக்குறைய மங்கியிருந்தது. ஆன்மாக்களுக்காகவே அவர் அந்த வேடத்தைப் பூண்டார். அவர் கழற்றியது பிறந்த நாட்டின் பழக்கங்களை. அணிந்ததோ இந்நாட்டின் மதிப்பை மட்டுமன்று, அதன் ஏற்றத்தாழ்வையும்தான்.

அன்பர்களே, கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் நாம். அச்சுவருக்கு அவரொருவரே காரணர் என்பது அநீதி. ஆயினும் அவரைப் போற்றும்போது, தனித்து விடப்பட்ட பெர்னாண்டஸையும் அவருடைய பரதவ மக்களையும் நினைத்துப் பார்ப்பது நம் கடமையன்றோ?