விமானம் ஏறிய வழிகாட்டி நாய்



சில ஆண்டுகளுக்கு முன்பு பார்வைக் குறைவுடைய மாணவி ஒருத்தி என் வகுப்பில் பயின்றாள். ஓய்வு நேரத்தில் அவளைக் கைப்பிடித்துச் சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துச் செல்வதை என் கடமையாகக் கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, “ஐயா, வழி எனக்குத் தெரியும். நானே போகிறேன்,” என்றாள். என் மனம் சற்று நொந்தது. அவள் சொன்னதன் பொருள், பள்ளி விடுமுறையில் ஒரு நாயின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக, 1916-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ், ஜெர்மனியில் இப்பயிற்சியை நேரில் கண்டு வியந்து, 1927-இல் அமெரிக்க வார இதழ் ஒன்றில் கட்டுரை வரைந்தார். நேஷ்வில் நகரில் வாழ்ந்த 19 வயது இளைஞர் மோரிஸ் ஃபிராங்க், அக்கட்டுரையைத் தம் தந்தையார் படித்துக் காட்டக் கேட்டார். வெவ்வேறு விபத்துகளில் இரு கண்களையும் இழந்தவர் அவர். தமக்கும் அத்தகைய நாய் வேண்டுமென யூஸ்டிஸ் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார்.

1928-இல் ஃபிராங்க் கடல் கடந்து சுவிட்சர்லாந்து சென்றார். போகும்போது பிறர் துணையின்றிக் கப்பலில் உலவவும் அவரால் இயலவில்லை. திரும்பும்போதோ, தோழன் எனப் பொருள்படும் ‘பட்டி’ என்னும் பெயருடைய நாய் அவரோடு வந்தது. நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியதும், வண்டிகள் விரையும் அகன்ற சாலையைச் செய்தியாளர் கண்முன்னே பட்டியின் துணையோடு கடந்து காட்டினார். 1929-இல் இருவரின் முயற்சியால் ‘சீயிங் ஐ’ என்னும் பயிற்சி நிறுவனம் தோன்றியது.

சாலையைக் கடந்தவருக்கு அடுத்த தடை இரயில் வண்டியில் காத்திருந்தது. நாய் என்றால் சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்பது அக்கால நடைமுறை. கண்ணுக்கு ஈடான துணையைச் சரக்கோடு சேர்த்துவிட்டுப் பயணி எவ்வாறு தனித்துச் செல்வார்? ஃபிராங்கும் அவருடைய நண்பர்களும் ஓயாது வாதாடியதன் பயனாக, 1935-க்குள் அமெரிக்க இரயில் நிறுவனங்கள் யாவும் வழிகாட்டி நாயைப் பயணியின் அருகிலேயே அனுமதித்தன.

1938-இல் யுனைடெட் விமான நிறுவனமும் இசைந்தது. சிக்காகோவிலிருந்து நுவார்க் வரை, உரிமையாளரின் காலடியில் சுருண்டு படுத்தபடி பட்டி பயணம் செய்தது. அப்போது அதற்கு முதுமை வந்துவிட்டது. அவ்வாண்டு மே மாதமே அது உயிர் நீத்தது.

ஆயினும், அந்த அனுமதி நிறுவனத்தின் நல்லெண்ணத்தைச் சார்ந்ததே. 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், அரசின் நிதியுதவி பெறாத விமான நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம், உடற்குறையைக் காரணம் காட்டி விமானப் பயணத்தில் எவரையும் பாகுபடுத்தலாகாது எனத் தனிச் சட்டம் இயற்றியது. சலுகை உரிமையாக மாற, பட்டியின் பயணத்திற்குப் பின் 48 ஆண்டுகள் ஆயின.

உரிமை கிடைத்தபின் அதைத் தவறாகப் பயன்படுத்துவோரும் தோன்றினர். மன ஆறுதலுக்கென்று பயிற்சியற்ற விலங்குகளைப் பலர் விமானத்தில் ஏற்றலாயினர். 2018-இல் ஒரு பயணி மயிலோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டார். அது நடந்ததும் அதே நுவார்க் நகரில்தான். இதன் விளைவாக, 2021 ஜனவரி முதல் அமெரிக்காவில் புதிய விதி நடப்புக்கு வந்தது. அதன்படி, உடற்குறையோ மனநலக் குறையோ உடைய ஒருவருக்காகத் தனிப்பயிற்சி பெற்ற நாய் மட்டுமே சேவை விலங்கு எனக் கொள்ளப்படும். நாயின் நலம், நடத்தை, பயிற்சி ஆகியவற்றுக்கு உறுதிப் படிவம் கேட்கவும் நிறுவனங்களுக்கு இடமுண்டு. சிலர் செய்த தவற்றால், உண்மையாகவே நாயை நம்பி வாழ்வோர் கூடுதல் படிவங்களை நிரப்ப வேண்டியதாயிற்று.

பெற்றோர்களே, பொது இடத்தில் வழிகாட்டி நாயைக் கண்டால் அதைத் தொடவோ, அழைக்கவோ, உணவு கொடுக்கவோ கூடாது எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது அந்நேரம் வேலையில் இருக்கிறது. அதன் கவனம் சிதறினால், இடறி விழப்போவது அதை நம்பி வருபவரே.

பள்ளி திறந்ததும் அம்மாணவியின் கையைப் பற்றுவதை நிறுத்திக்கொண்டேன். நடைவழியில் கிடந்த நாற்காலிகளையும் புத்தகப் பைகளையும் அகற்றி வைத்தேன். அவள் சுவரோரமாகத் தடவிக்கொண்டு தானே நடந்து சென்று, தானே வரிசையில் நின்று உணவு வாங்கினாள். ஆசிரியர்களாகிய நாம் செய்யும் உதவி, பிள்ளையை நடக்கச் செய்கிறதா, நிற்கச் செய்கிறதா என்பதை அவ்வப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம்.