தண்ணீர் கொடுத்தவர்கள்

மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, நீங்க ஹிஸ்டரி படிச்சவரு. வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு கொடுங்க. ஆனா போன தடவை மாதிரி கோட்டை கொத்தளம் எல்லாம் வேண்டாம்" என்றார். சென்ற இரண்டு மலர்களிலும் அடியேன் பாளையங்கோட்டைக் கோட்டையைப் பற்றியே எழுதித் தள்ளினேன் என்பது உண்மைதான். ஆகவே இம்முறை கடல் கடந்து ஹவாய்த் தீவுக்குப் போகிறேன். அங்கிருந்து நம் குறுக்குத்துறைக்குத் திரும்பி வந்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

2025 பிப்ரவரியில் எங்கள் 1984-87 செட்டும், முன்பின் செட்டுகளைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே காலையில் செய்தோம் அல்லவா? டிரையத்லான் என்று அதற்குப் பெயர். எதற்காகச் செய்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். 57 வயதில் இப்படி ஒரு காரியத்தில் இறங்கியதும் என் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி, "இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்?" என்பது. அந்தப் புண்ணியவானைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் 1974. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், சான்டியாகோ நகரத்து மிஷன் பே. அங்கிருந்த ஓட்டக்காரர் சங்கத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷானஹன் என்ற இருவர், ஓட்டத்தோடு சைக்கிளையும் நீச்சலையும் சேர்த்து ஒரு பந்தயம் வைத்தார்கள். நாள் செப்டம்பர் 25. கலந்துகொண்டவர்கள் 46 பேர். வேலை முடிந்து வந்தவர்களுக்காக மாலையில் நடந்த விளையாட்டு அது. அந்த 46 பேரில் ஒரு கணவன் மனைவி: கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவர் மனைவி ஜூடி காலின்ஸ்.

இந்தத் தம்பதி பின்னர் ஹவாய்க்கு மாற்றலாகிப் போனார்கள். அங்கே ஒஆஹு தீவைச் சுற்றி ஓடும் தொடர் ஓட்டம் ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டு ஓட்டத்தின் பரிசளிப்பு விழாவில் ஒரு வாக்குவாதம். ஓடுகிறவன் உடம்பு உறுதியா, நீந்துகிறவன் உடம்பு உறுதியா? நம் ஹாஸ்டல் வராந்தாவில் ராத்திரி பதினோரு மணிக்கு நடக்குமே, அதே ரகம். காலின்ஸ் குறுக்கே புகுந்து, பெல்ஜியத்துச் சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ்தான் மூச்சுத் திறனில் எல்லோரையும் விட மேல் என்று பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டார். பேச்சு முற்றி, சரி, மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிடுவோம் என்று முடிந்தது.

தூரங்களை அவர்கள் புதிதாக யோசிக்கவே இல்லை. தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வைக்கீகி கடல் நீச்சல் 3.8 கிலோமீட்டர். தீவைச் சுற்றிய சைக்கிள் பயணம் 115 மைல். அதில் மூன்று மைலைக் குறைத்தால் நீச்சல் முடியும் இடத்தில் ஏறி மாரத்தான் தொடங்கும் இடத்தில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு 112 மைலாக்கினார்கள், அதாவது 180 கிலோமீட்டர். கடைசியில் ஹொனலூலு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். இன்று உலகம் முழுக்க 'அயர்ன்மேன்' என்று பயபக்தியோடு சொல்லும் தூரம், மூன்று மைல் வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்த சட்டைதான்!

1978 பிப்ரவரி 18ஆம் தேதி காலையில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர், 11 மணி 46 நிமிடம். இது எல்லாக் குறிப்புகளிலும் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு செய்தி. அந்தப் பந்தயத்தில் வழியில் தண்ணீர்ப் பந்தல் கிடையாது. அவரவர் தம் ஆட்களைக் கூட்டிவர வேண்டும் என்பது விதி. நண்பன், தம்பி, அண்டை வீட்டுக்காரன் யாராக இருந்தாலும் சரி. அவர்கள் காரில் பின்னாலேயே வந்து தண்ணீரும் தின்பண்டமும் கொடுத்து ஆளைத் தேற்றி அனுப்ப வேண்டும். ஆள் இல்லாதவன் பந்தயத்தில் இல்லை.

இரண்டாவதாக வந்த ஜான் டன்பார் கதையைக் கேளுங்கள். கடற்படையின் சீல் பிரிவு வீரர். நீச்சலும் சைக்கிளும் முடிந்தபோது அவர்தான் முன்னணியில் இருந்தார். ஓட்டத்தின் நடுவே அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கையில் இருந்தது பீர். அதைக் கொடுத்துவிட்டார்கள்! மனிதர் தள்ளாடி, ஹாலருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கி வந்து சேர்ந்தார். இதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் ஒரு குடம் தண்ணீர் இருந்திருந்தால் அந்த விளையாட்டின் முதல் பெயரே மாறியிருக்குமே என்றும் நினைத்தேன். அந்த ஆட்கள் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார்கள்?

அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் லின் லெமேர் முதல் பெண்ணாக முடித்தார், மொத்தத்தில் ஐந்தாம் இடம். அந்த ஆண்டு ஒரு பத்திரிகைக் கட்டுரையும், 1980இல் தொலைக்காட்சியும் வந்து சேர, கூட்டம் பெருகியது. 1981இல் வேலரி சில்க் என்ற அம்மையார் பந்தயத்தைக் கோனா என்ற ஊருக்கு மாற்றினார். 1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, கோட்டுக்குச் சில கஜம் முன்னால் விழுந்து, முதலிடத்தை இழந்து, தவழ்ந்தே போய் முடித்தார். அமெரிக்கா முழுக்க அதை டி.வி.யில் பார்த்தார்கள். 2000இல் சிட்னி ஒலிம்பிக்ஸில், சிறிய தூரத்தில், டிரையத்லான் சேர்ந்தது.

தர்மத்துக்காக ஓடுவது என்று பேச்சு வந்தால் எனக்கு நினைவு வருவது டிக் ஹாய்ட்டும் அவர் மகன் ரிக்கும். மாசசூசெட்ஸ்காரர்கள். 1962இல் ரிக் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதில் மூளை பாதிக்கப்பட்டு, கை கால் வராது, பேச்சும் வராது. ஒரு விடுதியில் விட்டுவிடுங்கள் என்று சொன்னார்களாம். பெற்றோர் விடவில்லை. பின்னர் தலையை அசைத்து எழுத்துத் தேர்ந்தெடுக்கும் கணினி ஒன்றை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் செய்து கொடுத்தார்கள். பையன் பேச ஆரம்பித்தான்.

1977இல், விபத்தில் முடங்கிப்போன ஒரு விளையாட்டு வீரனுக்கு நிதி திரட்ட ஐந்து மைல் ஓட்டம் ஒன்று நடக்கப்போவதை அறிந்த ரிக், தானும் கலந்துகொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா ஓட்டக்காரர் இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ஓடி, கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தார். அன்றிரவு ரிக் கணினியில் சொன்னது: ஓடும்போது எனக்கு ஊனம் இல்லாதது போல இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த அப்பா சும்மா இருப்பாரா? பையன் படிக்கப் போய்விடும் நாட்களில் காலி நாற்காலியில் ஒரு சிமென்ட் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் பழகினார். டிரையத்லான் என்று வந்தபோது அவருக்கு நீச்சலே தெரியாது. கற்றுக்கொண்டார். மகனை ரப்பர்ப் படகில் வைத்து, கயிற்றைத் தன் உடம்பில் கட்டி இழுத்து நீந்தினார். சைக்கிளின் முன்னால் ஓர் இருக்கை வைத்து ஓட்டினார். 1989இல் கோனாவின் முழுத் தூரத்தையும் இருவரும் முடித்தார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயங்கள். டிக் 2021இலும் ரிக் 2023இலும் காலமானார்கள். இவர்களில் யார் யாருக்கு ஆள் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இனி நம் ஊர். நம் ஹாஸ்டல் மெஸ் மாஸ்டரை 1980 முதல் படித்த எல்லோருக்கும் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது காப்பீட்டில் நடந்துவிடுகிறது. ஆனால் ஆட்டோ, ஊசி மருந்து, கூட வரும் மகனுக்கு அன்றைய கூலி நஷ்டம், இதையெல்லாம் எந்தக் காப்பீடு தரும்?

எனக்கு மட்டும் இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1986இல் நடந்த மெஸ் ஸ்டிரைக் ஞாபகம் இருக்கிறதா? சாம்பாரில் பல்லி என்று முதலில் கத்தியவன் நான்தான். கரண்டியில் வந்தது கருகிய மிளகாய் வற்றல் என்று அடுத்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் தட்டுகள் பறக்க ஆரம்பித்துவிட்டன. மூன்று நாள் ஸ்டிரைக். மாஸ்டருக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தம். நான் வாயைத் திறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் திறக்கவில்லை.

நாங்களும் காலின்ஸ் வழியில் இருப்பதை ஒட்டுப் போட்டோம். குறுக்குத்துறையில் ஒரு கிலோமீட்டர் நீச்சல். பேட்டை வழியாகச் சேரன்மகாதேவி போய்த் திரும்பச் சுமார் 40 கிலோமீட்டர் சைக்கிள். பிறகு ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் ஓடி, சுலோசன முதலியார் பாலம் தாண்டிக் கல்லூரி மைதானம். (சிரஸ்தார் உத்தியோகத்தில் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, 1843இல் திறக்கப்பட்ட பாலம் அது. செயலாளர் மன்னிக்க, பாலம் கோட்டையில் சேராது.)

ஐந்து மாதம் பயிற்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்பதே மாறிப்போயிருந்தது. படித்துறையில் தினமும் குளிக்கும் பெரியவர் ஒருவர், "சார், இந்தப் பக்கம் வராதிய, இழுத்துட்டுப் போயிரும்" என்று கம்பை நட்டு எல்லை காட்டினார். பந்தயத்தன்றும் கழுத்தளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் அவரே நின்றார். சைக்கிள் கடை அண்ணாச்சி என் வண்டியைப் பார்த்துவிட்டு, "இது பேப்பர் போடுத வண்டில்லா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார், பிறகு செயின், பிரேக், டியூப் எல்லாம் மாற்றிவிட்டுப் பொருளுக்கு மட்டும் காசு வாங்கினார். நம் ஜூனியரான டாக்டர் ஒருவர் பதினோரு பேருக்கும் இ.சி.ஜி. எடுத்து, பெயர் கொடுத்திருந்த இன்னும் இரண்டு பேரை "நீங்க கை தட்டுங்க போதும்" என்று உட்கார வைத்துவிட்டார். டீக்கடைகளில் உண்டியல் வைத்தோம். கனடாவில் 1980இல் செயற்கைக் காலோடு டெர்ரி ஃபாக்ஸ் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஓடியபோது, போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூரில் பத்தாயிரம் பேர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்கள். நம் பேட்டை டீக்கடை உண்டியலில் பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணியபோது அந்த ஊர்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அது பி.காம். பயக்க பண்ணினதுல்லா?" என்றார். "இல்ல மாஸ்டர், நான்தான்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "மொளகாயைக் கருக விட்டது நான்தானே" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பா, கோபமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பந்தயத்தன்று, ஓட்டத்தில் ஏழாவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு பாலத்தருகே வந்தால், மாணவர்கள் போட்டிருந்த தண்ணீர் மேசைக்குப் பின்னால் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். டயாலிசிஸ் இல்லாத நாளாம். யார் சொல்லியும் கேட்காமல் வந்துவிட்டாராம். டம்ளர் டம்ளராக அவரே மோந்து கொடுக்கிறார். நான் வாங்கிக் குடித்துவிட்டு, வெயிலாக இருக்கிறதே என்று, "நீங்களும் ஒரு வாய் குடிங்க மாஸ்டர்" என்று நீட்டிவிட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். அந்த வியாதிக்காரர்களுக்குக் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. "இன்னைக்கி ராத்திரி வரைக்கும் எனக்கு இவ்வளவுதான் தம்பி. ஒங்களுக்கு அளவு இல்லல்லா, இன்னொரு டம்ளர் குடிங்க" என்றார்.

குடித்தேன். கிளம்பிய பதினோரு பேரில் எட்டுப் பேர் முடித்தோம், எட்டாவது நான்.

வசூலான தொகை ரூ. 3,14,500. இந்த மலர் அச்சுக்குப் போகும்போது கையிருப்பு ரூ. 61,200. கணக்கு நோட்டு சங்க அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அடுத்த பிப்ரவரிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சைக்கிளை இப்போதே அண்ணாச்சி கடையில் விட்டுவிடவும். ஓட முடியாதவர்கள் தண்ணீர் மேசைக்கு வரலாம். அங்கேதான் ஆள் குறைவாக இருக்கிறது.