கொழுப்புச் செல்லும் சமையல் எண்ணெயும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்துச் சில கேள்விகள்

திண்டுக்கல் சமவெளியின் பழைய சமையல் எண்ணெய் கடலெண்ணெய். மானாவாரியில் விளைந்த நிலக்கடலையை உடைத்துச் செக்குக்குக் கொண்டுபோனால், எண்ணெய் அடுப்படிக்கு வரும், புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்குப் போகும். பிறகு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டில் வந்தது. 2007 முதல் ரேஷன் கடையில் பாமாயிலும் சேர்ந்தது. இன்று மரச்செக்கு எண்ணெய்க்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. கூடவே, அது உடம்புக் கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சும் வந்திருக்கிறது. இந்தப் பேச்சுக்கு ஆதாரம் போதாது என்பது ஒருபுறமிருக்க, அது எதிர்பார்க்கும் பலனே தவறானது என்பது என் வாதம். கொழுப்புச் செல்லுக்கு அழகு, வேண்டிய வேளையில் கொழுப்பை உடைப்பதும் வேண்டாத வேளையில் நிறுத்துவதும்தான்.

செல்லுக்குள் கொழுப்பு ட்ரைகிளிசரைடாக, ஒரு துளியாகத் திரண்டு நிற்கிறது. அதை மூன்று நொதிகள் படிப்படியாக வெட்டுகின்றன. முதல் வெட்டு ஹெச்எஸ்எல் நொதியின் வேலை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் அந்த நொதி இல்லாத எலிகளும் கொழுப்பை உடைத்தன. அவற்றின் திசுக்களில் டைகிளிசரைடு தேங்கியது. அதன் பிறகே, 2004இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் முதல் வெட்டைச் செய்யும் ஏடிஜிஎல் நொதியை அடையாளம் கண்டார்கள். பசியிலும் உழைப்பிலும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் துளியைக் காக்கும் பெரிலிப்பின் புரதத்தை விலக்கி, இந்த நொதிகளுக்கு வழிவிடுகின்றன. உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் அந்த வழியை அடைக்கிறது. அதற்கு மிகச் சிறிய அளவு இன்சுலினே போதும்.

ஆகவே சீரகச் சம்பா பிரியாணி உண்ட ஒருவரின் கொழுப்புச் செல்லில் முதல் ஆணை அரிசியிடமிருந்து வருகிறது. தாளித்தது கடலெண்ணெயா பாமாயிலா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். அடுத்த சில மணி நேரம் உடைப்பு அடங்கும்; உண்ட எண்ணெயின் பெரும்பங்கு சேமிப்புக்குப் போகும்.

அப்படியானால் எண்ணெயின் வகைக்குப் பொருளே இல்லையா? உண்டு, ஆனால் அது மெதுவாக வேலை செய்கிறது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் முன்னாள் படைவீரர்களுக்குத் தாவர எண்ணெய் மிகுந்த உணவு தரப்பட்டது. அவர்களது கொழுப்புத் திசுவில் லினோலிக் அமிலம் ஏறத்தாழ 11 விழுக்காட்டிலிருந்து ஐந்தாண்டில் 30ஐத் தாண்டியது. நாம் உண்ணும் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் நம் திசுவாகவே ஆகிறது.

சேர்ந்தது வெளியேறுவதிலும் ஒரு விதி உண்டு. பிரான்சில் ரக்லோ, குரோஸ்கோலா இருவரும் 1990களில் எலிகளிடம் கண்டது இது: சங்கிலி நீளம் ஒன்றாக இருந்தால், இரட்டைப் பிணைப்பு கூடக்கூட அமிலம் எளிதில் வெளியேறும், பிணைப்புகளின் எண்ணிக்கை மாறாமல் இருந்தால், சங்கிலி நீளநீளத் தயங்கும். மீன் கொழுப்பின் ஒமேகா-3 அமிலமான இபிஏ முந்தும். இருபது கார்பனுக்கு மேற்பட்ட நிறைவுற்ற அமிலங்கள் பிந்தும். குளிர்ப் பெட்டியில் கடலெண்ணெயைக் கலங்கவைப்பவை அந்த நீண்ட அமிலங்களே. ஆனால் அவற்றில் ஒரு பகுதியைக் குடலே உறிஞ்சுவதில்லை. கடலெண்ணெயின் ஒலியிக், சூரியகாந்தியின் லினோலிக், பாமாயிலின் பாமிட்டிக் ஆகியவற்றுக்கிடையே இந்த விதி காட்டும் வேறுபாடு பெரிதன்று. இதைக் கொண்டு எந்த எண்ணெயையும் கொழுப்புக் கரைப்பான் என்று விற்க இடமில்லை.

எண்ணெயின் வகை வேலை செய்யும் வழிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது வழி, அழற்சி. செல் வளர்ப்பு ஆய்வுகளில் மிகையான பாமிட்டிக் அமிலம் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டி, டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைக் கூட்டுகிறது. அது பெரிலிப்பினைக் குறைத்து, இன்சுலின் சொல்லையும் மீறிக் கொழுப்பை உடைக்கவைக்கிறது. அவ்வாறு வெளியேறும் கொழுப்பமிலங்கள் கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து இன்சுலினின் செயலைக் கெடுக்கின்றன. இபிஏ இந்தத் தூண்டலைத் தணிக்கிறது. ஆக, மீன் கொழுப்பின் நன்மையில் ஒரு பங்கு உடைப்பைக் கூட்டுவதில் இல்லை, வேளை கெட்ட உடைப்பை அடக்குவதில் இருக்கலாம். நம் அடுப்படியின் கடலெண்ணெய், சூரியகாந்தி, பாமாயில் மூன்றிலும் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் கடற்கரைக்கும் இந்தச் சமவெளிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் உணவு ஆய்வுகள் கணக்கில் எடுக்க வேண்டும்.

2011இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. உடைப்பு வேளையறிந்து அடங்குகிறதா என்று காண, வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தத்தின் தனிக் கொழுப்பமில அளவைப் பார்த்து, வீட்டு எண்ணெயோடும் சோற்றளவோடும் பொருத்திப் பார்க்கும் ஆய்வை இங்கேயே தொடங்கலாம். அதை இவ்விரு நிறுவனங்களின் ஆய்வாளர்களும் சேர்ந்து கையிலெடுக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.