வாரியம் ஒழிதலும் விடை பெறுதலும்

பணிக்கு உரியாரைத் தேர்ந்து அமர்த்தும் முறை பற்றித் தமிழறிஞர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். குடவோலை முறையின் சிறப்பினைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின், அமர்த்தப்பட்டாரை அப்பணியினின்று நீக்குங்கால் நம் முன்னோர் கைக்கொண்ட நெறி யாது என்னும் வினா அத்துணை கருதப்படுவதில்லை. அமர்த்துங்கால் மதிப்புக் காட்டுதல் எவர்க்கும் எளிது. நீக்குங்கால் காட்டும் மதிப்பே ஓர் அவையின் பண்பினை அளக்கும் கோலாகும். ஆதலின், ஒரு கல்வெட்டுச் சான்றும் ஓர் இலக்கியச் சான்றும் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்ட அச்சதுர்வேதிமங்கலத்தின் சபையார், ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேரும் முறையினை அவற்றில் வகுத்துள்ளனர். வாரியப் பணியின் காலம் 360 நாள். வாரியம் செய்து நிற்பாரிடத்துக் குற்றம் காணப்படின், அக்காலம் முடியுமளவும் காத்திராது உடனே நீக்குக என்பது சபையார் விதி.

இவ்விடத்து ஆளப்பட்ட சொல் கருதத்தக்கது. 360 நாளும் நிரம்பி முறையாகப் பணி முடித்தலை ‘ஒழிதல்’ எனக் கூறும் கல்வெட்டு, குற்றங் கண்டு நீக்குதலையும் அதன் பிறவினையாகிய ‘ஒழித்தல்’ என்னும் சொல்லாலேயே கூறுகின்றது. இக்காலத்து ‘ஒழித்தல்’ என்பது அழித்தற் பொருளில் வழங்குதலின், இவ்விதியினைப் படிப்போர் அதனைக் கடுஞ்சொல்லாகக் கொள்ளுதல் கூடும். அது பொருந்தாது. ‘ஒழி’ என்பதற்கு நீங்குதல், எஞ்சுதல் என்பன பழம்பொருள். யாப்பருங்கலக் காரிகையின் இறுதி இயல் ‘ஒழிபியல்’ எனப் பெயர் பெற்றதும் எஞ்சியன கூறுதல் பற்றியே. தீயோர் கெட்டு நல்லோர் ஓங்குதலே தம் நோக்கம் என வெளிப்படையாக அறிவித்த அச்சபையார், தனியொருவனை நீக்குமிடத்து இகழுரை ஒன்றும் சேர்த்திலர். முறையாகப் பணி முடித்தவனுக்கும் இடையே நீக்கப்பட்டவனுக்கும் ஒரே வினையடியை ஆண்டனர். நீக்கப்படுவது பணியேயன்றி ஆளன்று என்னும் குறிப்பு இதனால் பெறப்படும் என்பது எம் கருத்து.

இதனினும் சிறந்தது கணக்கன் பற்றிய விதி. கணக்கெழுதினவன் தன் கணக்கினைப் பெருமக்கள் முன் காட்டித் தூயவன் எனத் தெளியப்பட்ட பின்னரன்றி மீண்டும் கணக்குப் பணியிற் புகுதல் ஆகாது. அவன் எழுதிய கணக்கினை அவனே காட்டுதல் வேண்டும். பிற கணக்கர் புகுந்து அதனை முடித்தல் கூடாது. இதனைக் கடமை கூறும் விதியாகவே கொள்வாரும் உளர். கடமையே, எனினும் அக்கடமையுள் ஒரு காப்பும் உளது. தான் இல்லாவிடத்துப் பிறன் ஒருவன் தன் ஏட்டினைப் புரட்டித் தன்மேற் பழி எழுதுதற்கு இடமின்மை அறிக. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பு, அரசுப் பணியாளரை நீக்குமுன் குற்றச்சாட்டினை அவர்க்கு அறிவித்து, அவர் மறுமொழியினைக் கேட்டல் வேண்டும் என்று பொதுவிதி வகுக்கின்றது. இதற்கு உத்தரமேரூர் மூலம் என யாம் கூறவில்லை. இரண்டிடத்தும் உள்ள கருத்து ஒன்று என்பதே எம் துணிபு.

இக்கல்வெட்டினைப் புகழ்வோர் அதன் குறைகளை மறைத்தல் தகாது. கணக்குக் காட்டாதவனோடு அவன் உடன்பிறந்தார், மாமன், அத்தை மக்கள், மருமகன் முதலாய உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர். ஒருவன் பிழைக்குக் கிளை முழுதும் பொறுப்பாதல் அறமாகாது. அன்றியும், இவ்விதிகள் நிலமும் மனையும் கல்வியும் உடைய பிராமணர்க்கே உரியன. அவ்வூர் வயலில் உழைத்தாரை நீக்குதற்கு முறை யாது என இவை கூறவில்லை.

இனி இலக்கியச் சான்று. குற்றமின்றியும் ஒருவரைப் பணியினின்று விடுத்தல் நேரும். பெரிய புராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு அத்தகையது. பல்லவ மன்னனின் படைத்தலைவராய் வாதாபியை வென்று மீண்ட பரஞ்சோதியார் சிவனடியார் என்பதனை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னன், அவரைக் கொடிய போரில் ஏவியமைக்கு நடுங்கிப் பிழை பொறுக்க வேண்டுகின்றான். தமக்குரிய தொழிலையே செய்ததாகவும் அதனால் தீங்கொன்றும் இல்லை எனவும் அவர் மறுமொழி கூறுகின்றார். பின்னர் மன்னன் பெரும்பொருள் அளித்து, அவர் உள்ளம் விழைந்த திருத்தொண்டினைச் செய்யுமாறு கூறி விடை கொடுக்கின்றான்.

வாதாபிப் போர் கி.பி. 642இல் முதலாம் நரசிம்மவர்மன் காலத்து நிகழ்ந்தது. சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டில். ஆதலின் இவ்வுரையாடலைப் பல்லவர் அவை நிகழ்ச்சிக்கு நேர்சான்றாகக் கொள்ளாது, சேக்கிழார் காலத்துச் சான்றோர் உள்ளத்திற்குச் சான்றாகக் கொள்ளுதலே முறை. சோழர் அரசியலில் உயர்பணி புரிந்தவர் எனப் போற்றப்படும் அப்புலவர், விடுக்கும் மன்னனைத் தன் பிழையை முதற்கண் ஒப்புவோனாகப் படைத்தமை எண்ணி இன்புறத்தக்கது. காரணம் மறையாது கூறப்படுகின்றது. செய்த பணி இழிக்கப்படவில்லை. இனி வாழ்தற்குப் பொருளும் அளிக்கப்படுகின்றது.

இவ்விரு சான்றுகளானும் பெறப்படுவன மூன்று. நீக்குதற்குக் காரணம் வெளிப்படையாதல் வேண்டும். நீங்குவோன் தன் கணக்கினைத் தானே உரைக்க இடம் பெறுதல் வேண்டும். நீங்கிய பின்னும் அவன் பெயர் கெடாதிருத்தல் வேண்டும். குற்றத்தால் ஒழிக்கப்படுவோனுக்கு முதலிரண்டும் உத்தரமேரூரில் வாய்த்தன. மூன்றாவது, கிளையையும் தொடர்ந்த தடையால் முழுதும் வாய்த்திலது. பரஞ்சோதியார்க்கு மூன்றும் வாய்த்தன. ‘விடை’ என்னும் சொல் மறுமொழியினையும் செல்லத் தரும் இசைவினையும் ஒருங்கே குறித்தல் நம் மொழியின் வழக்கு. ஒருவரை அனுப்புங்கால் அவர்க்கு உரிய மறுமொழியினையும் அளித்து அனுப்புக என்பதனை அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது எனலாம்.